தேனை எடுத்துவிட்டு மேப்பிள் சிரப் ஊற்றினால் இஞ்சிச் சாறு என்ன ஆகிறது

இஞ்சி, பட்டை, கிராம்பு, ஏலக்காய், மிளகு எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, தேன் கலந்து பாட்டிலில் அடைத்துவைக்கிற ஒரு சாறு என் ஃபிரிட்ஜில் எப்போதும் இருக்கும். ஒரு பங்கு சாறு, இரண்டு பங்கு வெந்நீர் அல்லது சூடான பால், அவ்வளவுதான் வேலை. வீட்டில் ஒருவர் தேன் சாப்பிடுவதை விட்டுவிட்டதால் அதே சாற்றைத் தேன் இல்லாமல் செய்ய வேண்டியதாயிற்று. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: தேன் எத்தனை ஸ்பூனோ அத்தனை ஸ்பூன் மேப்பிள் சிரப் (மேப்பிள் மரத்தின் நீரைக் காய்ச்சிய பாகு) ஊற்று. ஊற்றிக் குடித்துப் பார்த்தால் குறை என்று விரல் வைத்துக் காட்ட எதுவும் இல்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது. இனிப்புப் போதவில்லையா, புளிப்பா, மணமா, கெட்டித்தன்மையா, இதில் எது கழன்று போயிற்று என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் தேன் போட்ட பழைய முறையைச் சொல்லிவிடுகிறேன், எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாமல் மாற்றுத் தேடுவதில் அர்த்தமில்லை. ஒரு லிட்டர் தண்ணீர், 120 கிராம் இஞ்சி, பட்டை இரண்டு குச்சி, கிராம்பு 8, ஏலக்காய் 12, மிளகு ஒரு டீஸ்பூன். இஞ்சியை மெல்லிய வில்லைகளாக நறுக்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. துருவினால் காரம் சீக்கிரம் இறங்கும், கூடவே இஞ்சியின் மாவுச்சத்தும் வெந்து சாறு கலங்கலாகிவிடும். பட்டையைப் பொடியாகப் போடவே கூடாது, அதில் உள்ள பிசின் மாதிரியான சத்து தண்ணீரில் ஊறி அடியில் கொழகொழவென்று தங்கும், எந்த வடிகட்டியிலும் சரியாக நிற்காது. மூடி போட்டுச் சிறு தீயில் அரை மணி நேரம். ஏலக்காயை மட்டும் தட்டி, கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்க்கிறேன், முதலிலேயே போட்டால் அதன் மணம் சமையலறைக்குத்தான் போகும், சாற்றுக்கு வராது. வடிகட்டிய பிறகு பாத்திரத்தோடு தராசில் வைத்து, பாத்திரத்தின் எடையைக் கழித்து, கஷாயம் சரியாக 700 கிராம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். குறைந்தால் வெந்நீர், கூடினால் இன்னும் கொஞ்சம் கொதி. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் 350 கிராம் தேன்.

இந்தத் தராசு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பாகுகளை ஸ்பூனால் அளப்பது என்பது அளக்காமல் இருப்பதற்குச் சமம், பாதி ஸ்பூனிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதைவிட முக்கியம், ஒரு ஸ்பூன் தேனும் ஒரு ஸ்பூன் மேப்பிளும் ஒரே அளவு சர்க்கரை இல்லை. நல்ல தேனில் தண்ணீர் 17, 18 சதவீதம்தான். மீதி ஏறக்குறைய முழுக்கச் சர்க்கரை. மேப்பிள் சிரப் என்ற பெயரில் விற்க அமெரிக்காவிலும் கனடாவிலும் குறைந்தது 66 பிரிக்ஸ் (நூறு கிராமில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவு) இருக்க வேண்டும், பெரும்பாலான பாட்டில்கள் அந்த 66, 67-ஐ ஒட்டியே இருக்கும், அதாவது நூறு கிராமில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். 15 மி.லி. ஸ்பூன் நிறையத் தேன் எடுத்தால் சுமார் 21 கிராம், அதில் சர்க்கரை 17 கிராம். அதே ஸ்பூன் மேப்பிள் 20 கிராம், அதில் சர்க்கரை 13 கிராம் சொச்சம். ஸ்பூனுக்கு ஸ்பூன் மாற்றினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை காணாமல் போகிறது, கூடவே எதிர்பார்க்காத தண்ணீரும் வந்து சேர்கிறது. சப்பென்று இருந்ததற்கு முதல் காரணம் இது.

இதைச் சரிசெய்வது சுலபம், கணக்குத்தான். 350 கிராம் தேனில் சர்க்கரை சுமார் 287 கிராம். அதே 287 மேப்பிளிலிருந்து வர வேண்டுமானால் 430 கிராம் மேப்பிள் ஊற்ற வேண்டும். அந்த 430 கிராமோடு 140 கிராம் தண்ணீரும் வருகிறது, தேனில் வந்தது 63 தான், ஆகவே கூடுதலாக வரும் 80 கிராமைக் கஷாயத்தில் கழித்துவிட வேண்டும். 700 கிராமுக்குப் பதில் 620 கிராம் வரும் வரை கொதிக்கவைத்தால் போதும். கடைசியில் பாட்டிலில் இருக்கும் மொத்த எடையும் இனிப்பின் அளவும் பழையபடியே இருக்கும், ஒன்றுக்கு இரண்டு என்ற கலவைக் கணக்கையும் மாற்ற வேண்டாம். இது எந்தப் பாகுக்கும் பொருந்தும்: லேபிளில் நூறு கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று போட்டிருப்பார்கள், அதை வைத்து வகுத்தால் முடிந்தது. லேபிள் நூறு மி.லி.க்குப் போட்டிருக்கிறதா, நூறு கிராமுக்குப் போட்டிருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள், மேப்பிள் ஒரு மி.லி. 1.3 கிராமுக்கு மேல் எடை, தேன் 1.4 கிராம், இரண்டையும் குழப்பினால் கணக்கு மொத்தமும் சாய்ந்துவிடும்.

சரி, சர்க்கரையைச் சமப்படுத்தியாயிற்று. இப்போது குடித்தால் இனிப்பு இருக்கிறது, ஆனாலும் ஏதோ இல்லை. தேன் போட்டதை ஒரு கிளாஸிலும் மேப்பிள் போட்டதை இன்னொன்றிலும் ஊற்றி, மாற்றி மாற்றி ஒரு வாய் குடித்துப் பார்த்தபோது வித்தியாசம் நாக்கின் பக்கவாட்டில்தான் தெரிந்தது. தேன் உள்ளே போனதும் ஓரங்களில் லேசாக ஊறுகிறது, இஞ்சிக் காரம் அதற்குப் பின்னால் கூர்மையாக எழுகிறது. மேப்பிளில் இனிப்பு நடு நாக்கில் அகலமாக உட்கார்ந்துகொள்கிறது, இஞ்சி அதன் அடியில் எங்கேயோ புதைந்துகிடக்கிறது. இஞ்சி இரண்டிலும் ஒரே கஷாயம்தான், இரண்டாகப் பிரித்தது, ஆகவே காரம் குறைய வாய்ப்பே இல்லை. குறைந்தது புளிப்பு.

தேனைப் புளிப்பான பொருள் என்று யாரும் நினைப்பதில்லை, ஆனால் அது நல்ல அமிலம். தேனின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும், 7 நடுநிலை) சராசரியாக 4-ஐ ஒட்டி இருக்கும், அதாவது தக்காளியைவிடச் சற்றே புளிப்புப் பக்கம். தேனீக்கள் சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி குளுக்கோஸைக் குளுக்கானிக் அமிலமாக மாற்றுகிறது, முக்கியமான புளிப்பு அதுதான், இனிப்பு மூடிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. மேப்பிள் சிரப்பில் இந்த மாதிரி எதுவும் இல்லை, நடுநிலைக்கு வெகு அருகில் இருக்கும். தேனிலிருந்து மேப்பிளுக்கு மாறும்போது சர்க்கரையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அமிலத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு, ஆனால் மசாலா பானத்தில் காரத்தையும் மணத்தையும் தூக்கி நிறுத்துவதே அந்தக் கொஞ்சூண்டு அமிலம்தான் என்பது என் முடிவு.

எவ்வளவு எலுமிச்சை சேர்ப்பது என்பதற்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. சாதாரணத் தேனில் இருக்கும் அமிலத்தைச் சிட்ரிக் அமிலமாகக் கணக்கிட்டால் 350 கிராம் தேனுக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் வருகிறது. எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் ஐந்தாறு சதவீதம். ஆக, இரண்டு டீஸ்பூன் சாறு. முழுத் தொகுப்புக்கும் இரண்டே டீஸ்பூன்! கேட்கவே சொற்பமாக இருக்கிறது, ஆனால் அதை விட்டுக் கலக்கி மறுபடி குடித்தால் இஞ்சி திரும்பி வந்துவிடுகிறது. எலுமிச்சை மணம் தனியாகத் தெரியுமே என்று தயங்குகிறவர்கள் சிட்ரிக் அமிலப் பொடியை அரைக் கிராம் கரைத்து ஊற்றலாம், மணமே இல்லாமல் புளிப்பு மட்டும் கிடைக்கும். இஞ்சியோடு எலுமிச்சை மணம் எனக்குப் பிடிக்கும் என்பதால் நான் சாறுதான் ஊற்றுகிறேன், இரண்டுக்குப் பதில் மூன்று டீஸ்பூனாகவும் போவதுண்டு.

அடுத்தது அகாவே சிரப், கற்றாழை மாதிரி இருக்கும் அகாவே செடியிலிருந்து எடுக்கும் பாகு. தேனுக்கு மாற்று என்றாலே இதைத்தான் அதிகம் சொல்கிறார்கள், சர்க்கரையைவிட ஒன்றரை மடங்கு இனிப்பு, ஆகவே குறைவாக ஊற்றினால் போதும் என்று. இது பாதி உண்மை. அகாவேயில் பெரும்பகுதி ஃபிரக்டோஸ், அதாவது பழச் சர்க்கரை. ஃபிரக்டோஸின் மூலக்கூறு தண்ணீரில் கரைந்ததும் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. ஆறு மூலை வளையமாகவும் ஐந்து மூலை வளையமாகவும் மாறி மாறி இருக்கும். ஆறு மூலை வளையம்தான் ரொம்ப இனிப்பு. குளிர்ந்த தண்ணீரில் அதன் பங்கு அதிகம். சூடு ஏற ஏற ஐந்து மூலை வடிவங்களின் பங்கு கூடுகிறது, அவற்றில் இனிப்புக் குறைவு. ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் ஃபிரக்டோஸுக்கு வெள்ளைச் சர்க்கரையைவிட இருந்த மேன்மை போய்விடும், இன்னும் சூடானால் அதைவிடக் கீழேயே இறங்கும். சூடாகக் குடிக்கும் பானத்தில் அகாவேயைக் குறைத்து ஊற்றச் சொல்வது ஐஸ் போட்டுக் குடிக்கிறவர்களுக்கான ஆலோசனை.

இதை நீங்களே சோதிக்கலாம், ஒரு கிளாஸ் போதும். சர்க்கரை எடை சமமாக இருக்கும்படி அகாவே போட்ட சாற்றை ஆவி பறக்க ஊற்றி ஒரு வாய், அப்புறம் வெதுவெதுப்பானதும் ஒரு வாய், ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து ஒரு வாய். முதல் வாயில் 'இன்னும் கொஞ்சம் ஊற்றலாமோ' என்று இருக்கும், கடைசி வாயில் திகட்டும். பக்கத்தில் மேப்பிள் கிளாஸை வைத்துக்கொண்டால் இன்னும் தெளிவு: சூட்டில் மேப்பிள் முந்துகிறது, குளிரில் அகாவே முந்துகிறது. மேப்பிளில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதே, என்பதால் சூட்டுக்கும் குளிருக்கும் அது அவ்வளவாக ஆடுவதில்லை. தேனில் ஃபிரக்டோஸும் குளுக்கோஸும் கலந்து இருப்பதால் அது நடுவில். கடைசி மிடறு எப்போதும் அதிகம் இனிக்கிறதே, அடியில் தேன் தங்கிவிட்டதோ என்று நினைத்துக் கலக்கிக்கொண்டே குடிப்பவர்கள் உண்டு. நன்றாகக் கரைந்த பிறகும் அப்படி இனித்தால் கிளாஸ் ஆறிவிட்டதுதான் காரணமாக இருக்கும்.

ஆகவே என் பழக்கம் இப்படி ஆகிவிட்டது: சூடாகக் குடிக்கும் சாற்றுக்கு மேப்பிள், சோடாவோ ஐஸ் தண்ணீரோ ஊற்றிக் குடிக்கும் சாற்றுக்கு அகாவே. குளிர்ந்ததற்கு அகாவேயைச் சர்க்கரைக் கணக்கைவிட 15 முதல் 20 சதவீதம் குறைத்துப் போடலாம். அகாவே குளிரிலும் தேனைவிடச் சுலபமாக ஓடும் என்பது இன்னொரு வசதி. தேனைக் குளிர்ந்த சோடாவில் விட்டால் நேராக அடிக்குப் போய்க் கயிறு மாதிரிச் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும், எத்தனை கலக்கினாலும் ஸ்பூன் நுனியில் ஒரு உருண்டை மிஞ்சும், கலக்கிய கலக்கில் சோடாவின் கேஸும் போய்விடும்.

கெட்டித்தன்மையைப் பற்றி ஒரு வார்த்தை. தேன் போட்டால் பானம் 'கனமாக' இருக்கும், மேப்பிள் போட்டால் நீர்த்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாட்டிலில் அது உண்மை, தேன் மேப்பிளைவிடப் பல மடங்கு கெட்டி. கிளாஸில் அது உண்மை இல்லை. ஒன்றுக்கு இரண்டு கலந்த பிறகு சர்க்கரை 9 சதவீதம்தான், அந்த அளவில் எந்தச் சர்க்கரைக் கரைசலும் ஏறக்குறையத் தண்ணீர்தான். ஸ்பூனிலிருந்து தேன் கயிறாக விழுவதைப் பார்த்துவிட்டுக் குடிக்கும்போதும் மனம் அதையே எதிர்பார்க்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, யாராவது மாற்றி மாற்றிக் கையில் கொடுக்கச் சொல்லிக் குடித்தபோது, கனம் என்ற வகையில் எனக்கு இரண்டும் பிரிக்கவே தெரியவில்லை; புளிப்பும் மணமும்தான் காட்டிக்கொடுத்தன. எனவே கெட்டித்தன்மைக்காக எதையும் சேர்க்க வேண்டாம். ஸ்டார்ச் போட்டுக் கெட்டியாக்கும் பானமாக இருந்தால் கதையே தலைகீழ்: காய்ச்சாத தேனில் டயஸ்டேஸ் என்ற நொதி இருக்கிறது, அது மாவுச்சத்தை உடைத்து நேரம் ஆக ஆக இளக்கிவிடும். மேப்பிளில் அந்தத் தொல்லை இல்லை.

தாளில் பார்த்தால் தேனுக்கு மிக நெருங்கிய சொந்தம் பேரீச்சம்பழச் சிரப்தான். ஃபிரக்டோஸும் குளுக்கோஸும் ஏறக்குறையச் சமம், லேசான புளிப்பு, நூறு கிராமுக்குச் சர்க்கரை எழுபதை ஒட்டி. ஆனால் நாக்குத் தாளைப் படிப்பதில்லை. முழுக்க அதையே ஊற்றினால் சாறு கருப்பாகி, கிராம்பும் பட்டையும் அதன் உள்ளே கரைந்து, மொத்தமும் ஒரே அடர்ந்த பழ ருசியாகிவிடுகிறது. ஏலக்காய் இருந்த இடமே தெரியாது. கூடவே பழத்தின் நுண்ணிய நார் அடியில் படிகிறது, பாட்டிலை ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அதற்காகத் தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் மேப்பிளுக்கு இல்லாத கொஞ்சம் துவர்ப்பும் வாயில் தங்கும் ஒரு நிறைவும் அதில் இருக்கிறது. கடையில் கிடைக்கவில்லையென்றால் கொட்டை நீக்கிய பழத்தை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து, துணியில் பிழிந்து, சாற்றை மட்டும் சிறு தீயில் சுண்டக் காய்ச்சினால் வீட்டிலேயே ஆகிவிடும். அடிப்பிடிக்கும், பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

மொலாசஸ் (கரும்புச் சாற்றில் சர்க்கரையை எடுத்த பிறகு மிஞ்சும் கருப்புப் பாகு) வேண்டாம். இஞ்சி பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் அது பிரமாதம், குடிக்கும் பானத்தில் கரும்பின் தாது உப்புகளும் கசப்பும் முன்னால் வந்து நிற்கின்றன, கிராம்போடு சேர்ந்தால் மருந்து வாசனை. ஒரு டீஸ்பூன் நிறத்துக்கு என்றால் சரி. குளுக்கோஸ் சிரப், கார்ன் சிரப் வகையறா இனிப்பே போதாது, வெள்ளைச் சர்க்கரையில் பாதி இனிப்புத்தான் தேறும். அப்புறம் 'பான்கேக் சிரப்' என்று மேப்பிள் இலைப் படம் போட்டு வரும் பாட்டில்களில் பெரும்பாலும் கார்ன் சிரப்பும் செயற்கை மணமும்தான். பின்பக்கம் திருப்பி முதல் பொருள் என்ன என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கடைசியில் நிலைத்த கலவை இது. மேப்பிள் 285 கிராம், பேரீச்சம்பழச் சிரப் 135 கிராம், கஷாயம் 630 கிராம், எலுமிச்சை இரண்டு மூன்று டீஸ்பூன் (பாலில் கலப்பவர் வீட்டில் இருந்தால் இதைப் பாட்டிலில் ஊற்ற வேண்டாம், காரணம் கீழே). சர்க்கரைக் கணக்கு பழைய 287-ஐ ஒட்டியே வருகிறது. மேப்பிளில் வெளிர் நிறத்தைவிட அடர் நிற வகையை வாங்குங்கள். வெளிர் வகையின் மென்மையான மணம் இத்தனை மசாலாவுக்கு நடுவில் வீண், காசுக்கும் கேடு.

மசாலாவையும் அப்படியே விடக்கூடாது, இது பலரும் செய்யாத வேலை. மேப்பிளில் வனிலின் உண்டு, வனிலாவில் இருக்கும் அதே மணப்பொருள், அதோடு ஒரு கருகிய சர்க்கரை வாசனையும் உண்டு. பட்டையோடு சேர்ந்ததும் இது பேக்கரி வாசனையாகிவிடுகிறது, பானத்தைக் குடிக்கிறோமா பன் சாப்பிடுகிறோமா என்று சந்தேகம் வரும். ஆகவே பட்டையை இரண்டு குச்சியிலிருந்து ஒன்றாக்கினேன். பேரீச்சை சேர்ந்ததால் கிராம்பை 8-இலிருந்து 5. அந்த இடத்தை நிரப்ப இஞ்சி 120-இலிருந்து 150 கிராம், மிளகு ஒன்றரை டீஸ்பூன். தேனின் பூ மணத்துக்கு நேரடி மாற்று எதுவும் இல்லை; ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பகுதி வராமல் சீவி, ஏலக்காயோடு கடைசி ஐந்து நிமிடம் போட்டால் அந்த உயரத்தில் ஏதோ ஒன்று வந்து நிற்கிறது, அது போதும் எனக்கு. வெந்தயம் போடும் பழக்கம் இருந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள். வெந்தயத்தின் மணமும் மேப்பிளின் மணமும் நெருங்கிய உறவு, போலி மேப்பிள் மணம் தயாரிக்க வெந்தயச் சாற்றைப் பயன்படுத்துவதே உண்டு, இரண்டும் சேர்ந்தால் வேறெதுவும் மூக்குக்கு எட்டாது.

இன்னும் காரம் வேண்டும் என்பவர்களுக்கு: இஞ்சியைக் கூட்டுவதோடு, அதில் கால் பங்கைச் சுக்காக மாற்றிப் பாருங்கள். பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால், காயும்போது அது ஷோகோலாக மாறுகிறது, ஷோகோல் அதைவிட உறைப்பு. நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் ஜிஞ்சரால் ஜிஞ்சரோனாக மாறி மென்மையாகிவிடும், ஆகவே 'காரம் போதவில்லை, இன்னும் அரை மணி கொதிக்கட்டும்' என்பது பெரிதாக உதவாது. சுக்கின் எடை கணக்கிடும்போது அதில் தண்ணீர் இல்லை என்பதை நினைவில் வைக்கவும், 5 கிராமே நன்றாகத் தெரியும்.

இப்போது பால். பாலில் கலப்பவர்களுக்கு எலுமிச்சை விஷயம் அப்படியே பொருந்தாது. பாலின் பிஎச் 6.6 அல்லது 6.7 இருக்கும், அது 4.6-க்குப் பக்கத்தில் போனால் கேசீன் என்ற பால் புரதம் திரண்டுவிடும், சூடான பால் அதற்கு முன்பே திரிய ஆரம்பிக்கும். தேன் போட்ட சாறே கொதிக்கும் பாலில் சில நேரம் கிளாஸின் ஓரத்தில் பொடிப் பொடியாகத் தெரிவதுண்டு. எலுமிச்சை ஊற்றாத மேப்பிள் சாற்றில் அந்தப் பயம் வெகு குறைவு, பாலின் கொழுப்பும் மேப்பிளின் மணமும் சேர்ந்து அங்கே புளிப்பு இல்லாத குறையே தெரிவதில்லை. சொல்லப்போனால் பாலில் எனக்குத் தேனைவிட இதுதான் மேல். ஆகவே எலுமிச்சையைப் பாட்டிலில் ஊற்றாமல், வெந்நீரில் குடிப்பவர் கிளாஸில் சில துளி பிழிந்துகொள்வது என்று வைத்துக்கொண்டோம். பேரீச்சையும் லேசான புளிப்பு என்பதால் பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் சற்று ஆறவிட்டு ஊற்றுவது நல்லது.

பால் திரிவதற்கு இனிப்புக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு காரணமும் இருக்கிறது. பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் நொதி ஒன்று உண்டு, வெதுவெதுப்பான பாலில் பச்சை இஞ்சிச் சாறு விட்டால் தயிர் போல உறையவே வைத்துவிடும். நன்றாகக் கொதித்த கஷாயத்தில் அது செத்துப்போயிருக்கும். கடைசியில் புதுசாகக் கொஞ்சம் துருவிப் போட்டு அலங்காரம் பண்ணிவிட்டு மேப்பிளைக் குறை சொல்ல வேண்டாம்.

பாலும் வேண்டாம் என்பவர்களுக்கு: சோயா பால் புளிப்புக்கும் சூட்டுக்கும் சட்டென்று திரியும், சாற்றைக் கிளாஸில் முதலில் ஊற்றிவிட்டுச் சூடாக்கிய சோயா பாலை மெல்ல மெல்ல மேலே ஊற்றினால் ஓரளவு தப்பிக்கலாம். ஓட்ஸ் பால் திரிவதில்லை, ஆனால் கடையில் விற்கும் ஓட்ஸ் பாலில் மாவுச்சத்தை நொதி போட்டு உடைத்திருப்பதால் அதுவே இனிக்கும், சாற்றைக் குறைத்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

செய்முறையில் மேப்பிளால் கிடைத்த நிஜமான லாபம் ஒன்று. தேனைக் கஷாயம் ஆறிய பிறகுதான் சேர்க்க முடியும், கொதிக்கவிட்டால் மணம் பறந்துவிடும். மேப்பிளுக்கு அந்தக் கவலை கிடையாது, 40 லிட்டர் மர நீரைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் சிரப் கிடைக்கும், அது பார்க்காத கொதியா? ஆகவே கஷாயத்தையும் மேப்பிளையும் பேரீச்சையையும் ஒன்றாக ஊற்றி இன்னொரு முறை கொதிவரச் செய்து, கொதிநீரில் போட்டு எடுத்த பாட்டிலில் சூடாகவே நிரப்பி மூடிவிடலாம். தேன் சாற்றைவிட இது ஃபிரிட்ஜில் நன்றாகவே தாங்குகிறது. தாங்குகிறது என்பதற்காக வெளியில் வைத்துவிடாதீர்கள். மேப்பிளும் தேனும் பாட்டிலில் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அவற்றில் தண்ணீர் குறைவு என்பது. நம் சாற்றில் சர்க்கரை 27 சதவீதம்தான், அந்த அளவு ஈஸ்ட்டுக்கு விருந்து. மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று சத்தம் வந்தாலோ மேலே நுரை கட்டியிருந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். இரண்டு வாரத்துக்குள் தீர்க்க முடியாத அளவு செய்தால் மீதியை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளலாம், ஒரு கிளாஸுக்கு எத்தனை கட்டி என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும்.

திறந்த மேப்பிள் பாட்டிலும் ஃபிரிட்ஜுக்குள்தான் போக வேண்டும். தேன் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பழகிய கை இதையும் அங்கேயே வைக்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் இருப்பதால் மேலே பூஞ்சை படியும். தேனுக்கு நேர்மாறு, ஃபிரிட்ஜில் வைத்தால் அது உறைந்து கல்லாகும். அகாவே எங்கே வைத்தாலும் அப்படியே இருக்கும், ஃபிரக்டோஸ் லேசில் படிகமாவதில்லை.